ரத்னம்மாவைக் கேட்காமல் இந்த வரியைத் தொடாதே

போன மாதம் ஒரு காலை, ஓசூர் உழவர் சந்தையில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, நான் ஓய்வு பெற்ற தொழிற்சாலையிலிருந்து போன் வந்தது. என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண். பழைய டேட்டாபேஸைக் கிளப்பிப் புதிய இடத்துக்கு மாற்றுகிறார்களாம்.

"சார், செட்டிங்ஸ் ஃபைல்ல ஒரு வரிய நீங்க ஆஃப் பண்ணி வெச்சிருக்கீங்க. அதுக்கு மேல, 'ரத்னம்மாவைக் கேட்காமல் இந்த வரியைத் தொடாதே'ன்னு எழுதியிருக்கீங்க. ரத்னம்மா மேடம் எந்த டீம் சார்? மெயில் ஐடி தேடினேன், கெடைக்கல."

"கெடைக்காதும்மா. அவங்களுக்கு யாரும் மெயில் ஐடி குடுக்கல" என்றேன்.

கத்திரிக்காய்க்காரம்மா தராசைப் பிடித்துக்கொண்டு முறைத்தாள். அங்கே நின்றபடி சொல்லி முடிக்கிற கதையா இது? அதனால் இங்கே எழுதுகிறேன்.

டேட்டாபேஸ் என்பது கட்டம் போட்ட பெரிய நோட்டு. ஒரு கட்டத்தில் யாராவது ஒன்றும் எழுதாமலோ தப்பாக எழுதியோ விட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அதற்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருப்பார்கள். சொன்னது யார் என்று மட்டும் கேட்கக் கூடாது. தயாரித்தவன் சொல்லிவிட்டுப் போயிருப்பான், நிறுவியவன் அதை மாற்றாமல் விட்டிருப்பான். இதற்கு டீஃபால்ட் என்று பெயர்.

எனக்கு இது சின்ன வயதிலேயே பழக்கமான சங்கதி. பர்கூர் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில், பிறந்த தேதி தெரியாமல் வந்த பிள்ளைகளுக்கெல்லாம் ஹெட்மாஸ்டர் ஜூன் முதல் தேதி என்று எழுதிக்கொண்டார். எங்கள் வகுப்பில் பதினோரு பேர் ஒரே நாளில் பிறந்தோம். ராகி அறுப்பு நடந்துகொண்டிருந்தபோது நான் பிறந்ததாக அம்மா சொல்லுவாள். ஆனால் ஹெட்மாஸ்டர் அப்போது ராகியைக் கேட்கவில்லை. அந்த ஜூன் முதல் தேதியை வைத்துத்தான் கம்பெனி என்னை வேலைக்கு எடுத்தது, வருடா வருடம் கேக் வெட்டியது, கடைசியில் சால்வை போர்த்தி வீட்டுக்கும் அனுப்பியது.

டிப்ளமோ முடித்து ஸ்டோர்ஸில் சேர்ந்தவன் நான். முதல் கம்ப்யூட்டர் வந்த அன்று, அதன்மேல் தூசி படாமல் துணி போட்டு மூட வேண்டும் என்று தோன்றிய ஒரே ஆள் நான்தான் என்பதால் என்னை அந்த அறைக்கு மாற்றினார்கள். பெங்களூரில் மூன்று நாள் பயிற்சி. எந்தக் கேள்வி கேட்டாலும் 'நெக்ஸ்ட்' அழுத்து என்று சொல்லித்தந்தார்கள். அதையே முப்பது வருடம் அழுத்தி, பதவி உயர்வும் வாங்கினேன்.

எங்கள் தொழிற்சாலையில் இருசக்கர வண்டிக்கான கிளட்ச் லீவர் செய்வோம். கைப்பிடியில் விரலால் இழுப்போமே, அதுதான். அதன் அடியில் ஒரு துளை. அந்தத் துளை பன்னிரண்டு மில்லிமீட்டர் இருக்க வேண்டும். மிஞ்சிப்போனால் 12.02 வரை போகலாம். அதற்கு மேல் போனால் லீவர் ஆட ஆரம்பிக்கும், ஓட்டுகிறவர் கையில் கிளட்ச் நிற்காது.

இந்தத் துளையை அளப்பது ரத்னம்மாவின் வேலை. வேப்பனப்பள்ளிக்காரர். வீட்டில் தெலுங்கு, பஸ்ஸில் தமிழ், சூப்பர்வைசரிடம் கன்னடம். ஒன்பது வருடமாக கான்ட்ராக்டில் இருந்தார். அந்த வருடம் பர்மனென்ட் ஆக்குவதாகச் சொல்லி, லிஸ்டில் பெயரும் வந்திருந்தது.

அவர் வேலை செய்வதைப் பார்க்கவேண்டும். நூறு லீவர் உள்ள தட்டு வரும். மேலே இருந்து எடுக்கமாட்டார், நான்கு மூலையிலிருந்தும் ஒவ்வொன்று, நடுவிலிருந்து ஒன்று. வேஸ்ட் துணியால் துளைக்குள் இருக்கும் எண்ணெயைத் துடைப்பார். துடைத்த விரலைத் தன் ஓவர்கோட்டில் ஒருமுறை துடைத்துக்கொள்வார். போர் கேஜ் என்ற அளவுகோலைத் துளைக்குள் விட்டு லேசாக முன்னும் பின்னும் அசைப்பார். முள் எங்கே திரும்புகிறதோ அதுதான் அளவு. அதை வாய்விட்டுத் தெலுங்கில் சொல்லிக்கொண்டே கீபோர்டில் தட்டுவார். ஐந்து அளவும் ஏறியதும் திரையில் பச்சை வந்தால் தட்டுக்குப் பச்சை அட்டை, சிவப்பு வந்தால் சிவப்பு அட்டை. அட்டையின் நிறத்தைத் தீர்மானிப்பது கம்ப்யூட்டர், ரத்னம்மா இல்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஆட்கள் பிறகு மறந்துவிட்டார்கள்.

எங்கள் குவாலிட்டி மேனேஜர் சந்திரமௌலி. நல்ல மனிதர், ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது. சிவப்பு நிறம் மட்டும் ஆகாது. அவருடைய பேனா பச்சை, அறை மிதியடி பச்சை, சுவரில் தொங்கும் வரைபடங்களெல்லாம் பச்சை. திரையில் சிவப்பாக ஏதாவது வந்தால் கண்ணாடியைக் கழற்றிவிடுவார். கழற்றினால் அவருக்கு எதுவும் தெரியாது. அதுவே அவருக்குப் பாதி நிம்மதி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டேட்டாபேஸின் புதிய பதிப்பை ஏற்றினேன். வழக்கம்போல நெக்ஸ்ட், நெக்ஸ்ட், நெக்ஸ்ட். பழைய பதிப்பு தாராள மனசு கொண்டது. எண் வரவேண்டிய கட்டத்தில் எதைத் தள்ளினாலும், அதில் எண் போலத் தெரியும் வரைக்கும் எடுத்துக்கொண்டு மீதியைக் கீழே போட்டுவிடும், சத்தமே வராது. புதிய பதிப்பு அப்படி இல்லை. 'இது எண் இல்லை, ஏற்கமாட்டேன்' என்று முகத்துக்கு நேரே சொல்லும்படி அதன் டீஃபால்ட்டை மாற்றியிருந்தார்கள். எனக்கு அது தெரியாது. நெக்ஸ்ட் அழுத்துகிறவன் எங்கே படித்தான்?

திங்கட்கிழமை காலை ரத்னம்மாவின் மேஜையில் சிவப்பு. ஒவ்வொரு அளவுக்கும் சிவப்பு. தட்டுகள் வரிசை கட்டி நின்றன. பதினோரு மணிக்கு எங்களிடம் லீவர் வாங்கும் கம்பெனியின் ஆடிட்டர்கள் வருவதாக இருந்தார்கள். சந்திரமௌலி என் அறைக்கு ஓடி வந்தார். கண்ணாடி கையில் இருந்தது.

"என்னய்யா பண்ணி வெச்சிருக்க? ஷாப்ல ஒரே ரெட்டு. கஸ்டமர் வந்துகிட்டு இருக்கான்."

"சார், என்ன காரணம்னு பார்க்கறேன். ஒரு மணி நேரம் குடுங்க."

"காரணம் அப்புறம் பாரு. ரெட்ட மொதல்ல எடு."

எடுத்தேன். ஒரே ஒரு வரி. செட்டிங்ஸ் ஃபைலில் அதை எழுதினால் டேட்டாபேஸ் பழையபடி தாராள மனசுக்குத் திரும்பிவிடும். எழுதினேன், மறுபடி இயக்கினேன், எல்லாம் பச்சை. சந்திரமௌலி கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் தோளைத் தட்டினார். சிவப்புக்கான காரணத்தை அப்புறம் பார்ப்பதாக இருந்தேன். அந்த அப்புறம் வரவே இல்லை.

காரணம் இதுதான். அதற்கு இரண்டு வாரம் முன்பு ரத்னம்மாவின் கீபோர்டில் புள்ளி செத்துப்போயிருந்தது. எண்கள் பக்கம் இருக்கும் புள்ளி எண்ணெய் குடித்துச் செத்தது, எழுத்துகள் பக்கம் இருக்கும் புள்ளி அதற்கு முன்பே தேய்ந்து போயிருந்தது. அவர் சூப்பர்வைசர் நாகராஜிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். நாகராஜ் ஆனேக்கல்காரர், எதையும் நின்று யோசிக்கிற வழக்கம் இல்லாதவர்.

"புள்ளி வர்லன்னா ஒரு ஸ்பேஸ் வுடும்மா. பார்க்கறவனுக்கு புரியாதா?"

பார்க்கிறவனுக்குப் புரியும். திரையில் '12 09' என்று வந்தால் நம் கண் தானே நடுவில் புள்ளி வைத்துப் படித்துக்கொள்ளும். டேட்டாபேஸுக்கு அந்தக் கண் இல்லை. பன்னிரண்டு வரை எண் போலத் தெரிகிறது, அப்புறம் வெற்றிடம், அதற்கு மேல் வேண்டாம். 12.00 என்று எழுதிக்கொண்டது. சரியான அளவு, பச்சை அட்டை.

அதாவது, துளை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் எங்கள் நோட்டில் அது பன்னிரண்டு.

இதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது, கூடவே வெட்கமும். வந்த ஆடிட்டர்கள் ரத்னம்மா மேஜையின் வரைபடத்தைப் பார்த்து அசந்துபோனார்கள். மற்ற மேஜைகளில் கோடு மேலும் கீழும் ஆடியது. ரத்னம்மாவுடையது ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேராகப் போனது. சந்திரமௌலி அதைப் பெரிதாக அச்சடித்துச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார். ரத்னம்மாவுக்கு 'சிறந்த பரிசோதகர்' என்று கண்ணாடிக் கோப்பை கொடுத்தார்கள். நான்தான் போட்டோ எடுத்தேன்.

இன்னொன்றும் நடந்தது. துளையை வழவழவென்று முடித்துத்தரும் ரீமர் என்ற கருவி தேயத் தேய, துளையின் அளவு கெட்டுப்போகும். வரைபடத்தில் கோடு ஏறும்போது ரீமரை மாற்றவேண்டும் என்பது வழக்கம். கோடு ஏறவே இல்லை. 'இந்த ரீமர் தேயாத ரீமர்' என்று முடிவுகட்டி, மாற்றுவதையே நிறுத்தினார்கள். அதைப் பற்றிச் சந்திரமௌலி தலைமை அலுவலகத்தில் போய் ஒரு சொற்பொழிவும் செய்துவிட்டு வந்தார்.

கான்டீன் வரிசையில் ஒருநாள் ரத்னம்மா என்னிடம் வந்தார்.

"சார், கேஜு ஒண்ணு சொல்லுது, கம்ப்யூட்டரு ஒண்ணு சொல்லுது. நேத்து பன்னெண்டு பாயின்ட் ஜீரோ ஆறு வந்துச்சி, பச்ச காட்டுது. நாகராஜ் சார்கிட்ட சொன்னா 'ஆய்த்து, களிசு'ன்றாரு."

ஆச்சு, அனுப்பு என்று கன்னடத்தில் அர்த்தம். நாகராஜ் ஒரு நாளைக்கு இருநூறு முறை சொல்லுவது.

"கேஜ்தான் தப்பா இருக்கும். டெஸ்டுக்கு அனுப்பச் சொல்லுங்கம்மா" என்றேன், தட்டில் சாம்பார் ஊற்றிக்கொண்டே. கேஜ் போனது, சரியாக இருக்கிறது என்ற சான்றிதழோடு திரும்பி வந்தது. "அப்போ சரி" என்றேன். எது சரி என்று நானும் யோசிக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. அவர் கேட்கக்கூடிய இடத்திலா நாங்கள் அவரை வைத்திருந்தோம்?

மூன்று மாதம் கழித்து ஒரு லாரி நிறைய லீவர் திரும்பி வந்தது. வாங்கிய கம்பெனியில் வண்டியில் மாட்டிப் பார்த்திருக்கிறார்கள், எல்லாம் ஆடியிருக்கிறது. அளந்தால் 12.09. எங்கள் நோட்டைப் பார்த்தால் 12.00. ஐந்நூறு அளவு தொடர்ந்து 12.00. வரவேற்பறையில் சட்டம் போட்டு மாட்டியிருந்த வரைபடத்தைக் கழற்றி, அதையே முதல் சாட்சியாக வைத்தார்கள். எந்த மனுஷிக்கும் தொடர்ந்து ஒரே அளவு வராது, ஆகவே அந்தம்மா அளக்கவே இல்லை, உட்கார்ந்த இடத்தில் பன்னிரண்டு பன்னிரண்டு என்று தட்டியிருக்கிறாள் என்று முடிவாயிற்று. மூன்று மாதத்துக்கு முன்பு இதே காரணத்துக்காகத்தான் கோப்பை கொடுத்தோம் என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

விசாரணை திங்கட்கிழமை. அதற்குப் பிறகு வரவேண்டாம் என்று கான்ட்ராக்டரிடமே சொல்லியாகிவிட்டது. ஒன்பது வருடமும், பர்மனென்ட் லிஸ்டும் அதோடு போகும். 'அளக்காமல் ஓகே போட்டவள்' என்ற பெயரோடு வெளியே போனால் சிப்காட் தொழிற்பேட்டையில் வேறு எந்த கேட்டும் திறக்காது.

சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும், விசாரணைக்கு வேண்டிய பட்டியலை எடுக்க அவர் மேஜைக்குப் போனேன். சும்மா ஒரு அளவு தட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு வந்தது, புள்ளி வரவில்லை. இன்னொரு புள்ளியை அழுத்தினேன், அதுவும் வரவில்லை. ஸ்பேஸ் பார் மட்டும் நடுவில் பளபளவென்று தேய்ந்திருந்தது. 12, ஒரு ஸ்பேஸ், 09. என்டர்.

பச்சை.

அந்தத் திங்கட்கிழமை சிவப்பு எதற்காக வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. புதிய பதிப்பு இதைத்தான் கத்திச் சொல்லியிருக்கிறது. அதன் வாயைக் கட்டியது நான். ஓய்வுக்கு எட்டு மாதம் இருந்தது. அந்த ஒரு வரியை அழித்துவிட்டு, ஒரு புதுக் கீபோர்டை மாட்டிவிட்டுப் போனால் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. பத்து நிமிடம் அந்த யோசனையோடுதான் உட்கார்ந்திருந்தேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

பிறகு ரிப்பேர் புகார்களின் அட்டவணையைத் திறந்தேன். ரத்னம்மா பெயரில் மூன்று புகார். 'புள்ளி வரவில்லை. ஸ்பேஸ் விட்டு அடிக்கிறேன். சரியா என்று சொல்லவும்.' மூன்றும் ஒரே வாசகம். மூன்றுக்கும் நேராக 'முடிந்தது' என்று இருந்தது. புகார் வந்த நேரமும் முடிந்த நேரமும் நொடி பிசகாமல் ஒன்று. அந்தக் கட்டத்தின் டீஃபால்ட்டே 'முடிந்தது'தான். மாத அறிக்கையில் நிலுவை பூஜ்யம் என்று வரவேண்டும் எனச் சந்திரமௌலி ஒருமுறை ஆசைப்பட்டார், நான் நிறைவேற்றிவைத்தேன். புகார் பிறந்த கணமே தீர்ந்துவிடும் தொழிற்சாலை தமிழ்நாட்டில் எங்களுடையது ஒன்றுதான் இருந்திருக்கும்.

திங்கட்கிழமை விசாரணை அறையில் சந்திரமௌலி, நாகராஜ், பர்சனல் ஆபீசர், நான். ரத்னம்மா கோப்பையைத் துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். திருப்பிக் கொடுக்கவேண்டியிருக்கும் என்று நினைத்தாராம். பர்சனல் ஆபீசர் குற்ற அறிக்கையைப் படித்தார். காரணம்: ஆபரேட்டர் கவனக்குறைவு.

ரத்னம்மா அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"சார், இந்த கவனக்குறைவுன்றது யாரு எழுதுனது?"

சந்திரமௌலி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"யாரும் எழுதலம்மா" என்றார் சந்திரமௌலி. "அந்த ஃபார்ம்ல மொதல்ல அதுதான் இருக்கும். தானா வந்துரும்."

"யாரும் எழுதாததுக்கா சார் என்ன வூட்டுக்கு அனுப்பறீங்க?"

அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. அவர் மேஜையின் கீபோர்டைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். அதை அறையில் இருந்த கம்ப்யூட்டரில் மாட்டி, எல்லோரையும் பார்க்கச் சொல்லி, 12 ஸ்பேஸ் 09 தட்டினேன். பச்சை. 12 ஸ்பேஸ் 95 தட்டினேன். பச்சை. நாகராஜ் எழுந்து வந்து, 12 ஸ்பேஸ் விட்டுத் தன் பெயரையே ஆங்கிலத்தில் தட்டினார். அதுவும் பச்சை. மூன்று புகாரையும் காட்டினேன். புதிய பதிப்பு ஏற்றிய மறுநாள் நான் எழுதிய வரியையும் காட்டினேன். "இது நான் போட்டது. அளந்தது அவங்க. அளந்தத வெட்டிப் போட்டது நான்" என்றேன்.

சந்திரமௌலி கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். மிகவும் வருத்தமாகக் கேட்டார்.

"இவ்ளோ பெரிய தப்பு நடந்திருக்கு. சிஸ்டம் ஒரு ரெட் கூடவா காட்டல?"

அவர் கிண்டலுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார்.

ரத்னம்மாமேல் இருந்த குற்றத்தைக் கைவிட்டார்கள், எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. அதில் என் பிறந்த தேதி ஜூன் முதல் தேதி என்று தவறாமல் போட்டிருந்தார்கள். அன்றே அந்த வரியைச் செயலிழக்க வைத்து, மேலே அந்தக் குறிப்பை எழுதினேன். புகார் கட்டத்திலிருந்து 'முடிந்தது' போயிற்று. காரணக் கட்டத்திலிருந்து 'கவனக்குறைவு' போயிற்று. யாராவது எழுதினால்தான் இனி ஏறும், எழுதாவிட்டால் சிவப்பு வரும். ஒரு மாதம் தொழிற்சாலையே செக்கச்செவேலென்று கிடந்தது. சந்திரமௌலி கண்ணாடி இல்லாமலே நடமாடிக்கொண்டிருந்தார்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வாரம் ரத்னம்மாவுக்குப் பர்மனென்ட் ஆர்டர் வந்தது. சாட்சிக் கையெழுத்துப் போட என்னையும் பர்சனல் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். ரத்னம்மா ஆர்டரை மேஜைமேல் விரித்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். பெயர் சரி, ஊர் சரி. பதவி என்ற இடத்தில் விரல் நின்றது. 'ஹெல்பர்' என்று அச்சாகியிருந்தது.

"சார், நான் இன்ஸ்பெக்டர். இது யாராச்சும் எழுதுனதா, தானா வந்ததா?"

பர்சனல் ஆபீசர் சிரித்தார். "புதுசா பர்மனென்ட் ஆவுற லேடீஸ் எல்லாருக்கும் அப்படித்தாம்மா வரும். சிஸ்டம்ல தானா வர்றது. கையெழுத்துப் போடுங்க, பின்னாடி பார்த்துக்கலாம்."

ரத்னம்மா பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போடவில்லை. மூடியைக் கழற்றி, அந்த அச்செழுத்தின்மேல் ஒரு கோடு இழுத்து அடித்துவிட்டு, பேனாவை ஆபீசர் பக்கம் நீட்டினார்.

"தானா வந்ததுக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன் சார். நீங்க எழுதுங்க. ஹெல்பர்னே எழுதணும்னாலும் பரவால்ல, என் எதிர்ல உங்க கையால எழுதுங்க. நான் போட்டுடறேன்."

ஆபீசர் பேனாவை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். அவர் காகிதத்தைப் பார்த்தார், எதிரில் ஒன்பது வருடமாகத் துளை அளந்த அந்த அம்மாவைப் பார்த்தார். பேனா ஒரு நிமிடம் காகிதத்துக்கு மேலேயே நின்றது. அப்புறம் இன்ஸ்பெக்டர் என்று எழுதினார்.